இலைச்சுருட்டைக்கு எது பழைய மருந்து?

வெள்ளகோவில், முத்தூர், மூலனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகாயோ தக்காளியோ குருத்து சுருண்டு முடங்கிவிட்டால், வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. புளித்த மோரைத் தெளிக்கச் சொல்வார்கள். வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்து அடிக்கச் சொல்வார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை அரைத்துக் கோமியத்தில் ஊறவைக்கச் சொல்வார்கள். பஞ்சகவ்யம் பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி என்று அளவும் சொல்வார்கள். திருப்பூரில் மாடித்தோட்டம் போட்ட வீடுகளிலும் இதே பட்டியல்தான். கடைசியில் தவறாமல் ஒரு சான்றிதழும் சேரும்: இதெல்லாம் நம் முன்னோர் செய்தது. அந்தச் சான்றிதழைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது. இன்று இயற்கை மருந்து என்று தெளிக்கப்படுகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, தெளிப்பு என்ற வடிவில், சில பத்தாண்டுகளுக்கு மேல் வயதில்லை. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் இந்த நிலம் உண்மையிலேயே நெடுங்காலம் கைக்கொண்ட மருந்து வேறு. பருவம் பார்த்து விதைத்தது, நிலத்தை ஆறப்போட்டது, கெட்ட செடியைப் பிடுங்கியது, மண்ணுக்கு ஒத்த விதையை விடாமல் வைத்திருந்தது ஆகியவைதான் அந்த மருந்து. கேனில் அடைத்து விற்க முடியாததால் அது பட்டியலில் ஏறவில்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் சுருண்ட இலைக்கு எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விளங்கும்.

முதல் சாட்சி செடிகளேதான். இலைச்சுருட்டை என்றதும் நினைவுக்கு வரும் மிளகாய், தக்காளி, பப்பாளி, புகையிலை நான்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். போர்த்துகீசியர் கடல்வழியாக வந்த பிறகே அவை நம் மண்ணைத் தொட்டன. இவற்றில் தக்காளி நம் ஊர்ச் சமையலில் சாதாரணமானது இன்னும் பின்னால். காங்கயம் நாட்டு மானாவாரிக் காடுகளில் அதற்கு முன் விளைந்தவை சோளம், கம்பு, கொள்ளு, எள், நாட்டுப் பருத்தி போன்றவை. கத்தரி மட்டும் காய்கறித் தோட்டத்துப் பழைய குடி. ஆகவே மிளகாய்ச் சுருட்டைக்கு ஆயிரம் ஆண்டு மருந்து இருந்திருக்க வாய்ப்பே இல்லை. நோயாளியே அப்போது ஊரில் இல்லை. இரண்டாவது சாட்சி கருவி. இலையின் அடிப்புறம் நனையும்படி பனிபோல் மருந்து விழ வேண்டுமானால் அழுத்தமும் நாசிலும் வேண்டும். முதுகில் மாட்டும் தெளிப்பான் கிராமத்துக்கு வந்தது ரசாயன மருந்துகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான். அதற்கு முன் கைவசம் இருந்தவை அடுப்புச் சாம்பலைத் தூவுவதும், வேப்பங்குலையைச் சாறில் நனைத்து உதறுவதும், புகை போடுவதும். வெள்ளை ஈயும் இலைப்பேனும் இலையின் அடியிலும் குருத்தின் மடிப்பிலும் ஒளிந்திருப்பவை. மேலிருந்து தூவிய சாம்பல் அவற்றை எட்டுவது கடினம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். விருட்சாயுர்வேதம் என்று ஒரு சாத்திரமே இருக்கிறதே, சுரபாலர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மரஞ்செடிகளின் நோய்களுக்கு மருந்து எழுதவில்லையா என்று கேட்பார்கள். எழுதியிருக்கிறார். மரத்துக்கும் வாதம், பித்தம், கபம் பார்த்து, வாய்விளங்கமும் கடுகும் சேர்த்துப் புகை போடச் சொன்னவர் அவர். இறைச்சிக் கழிவைக் காய்ச்சிப் புளிக்கவைத்த குணபஜலத்தை வேரில் ஊற்றச் சொன்னவரும் அவர்தான். அவருக்கும் முன்னால், ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே இதற்கென ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் சுரபாலரின் நூல் சுவடியாக ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருந்து, செகந்திராபாத்தில் இயங்கிய ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளை வழியாக 1996இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. வெள்ளகோவில் தோட்டத்தில் இன்று அடிக்கும் கரைசல் அந்தச் சுவடியிலிருந்து பாட்டன், தந்தை, மகன் என்று கைமாறி வந்ததற்கு எந்தத் தொடர்ச்சியும் தெரியவில்லை. மாறாக, ஊரில் பரவலான சில கரைசல்களின் ஊர் பேர் நன்றாகவே தெரியும். ஜீவாமிர்தமும் அக்னி அஸ்திரமும் மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் பரப்பியவை. மீன் அமிலம், கொரியாவில் சோ ஹான்-கியு வளர்த்த இயற்கை வேளாண்மை முறையில் உள்ளதை அப்படியே ஒத்தது. பழமை இருந்தது உண்மை. ஆனால் நம் கையில் இருப்பது அதன் நேர்வாரிசு என்று சொல்வதற்குச் சான்று போதாது.

அடுத்தது நோயின் வரலாறு. பல ஆண்டுகள் இலைச்சுருட்டை ஒரே நோய் என்றே நினைக்கப்பட்டது. உண்மையில் அது ஓர் அறிகுறி, காரணங்கள் பல. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியோடு தொடர்புடைய பூச்சியியல் அறிஞர் டி. வி. ராமகிருஷ்ண ஐயரும் அவருடைய இரு சகாக்களும் 1935இல், குண்டூர், மதுரைப் பகுதி மிளகாயில் காணும் சுருட்டைக்கு இலைப்பேனே காரணம் என்று சென்னை வேளாண் இதழில் எழுதினார்கள். அதே பத்தாண்டில் வட இந்தியாவில் புருத்தி, சாமுவேல் ஆகியோர் புகையிலைச் சுருட்டையை வெள்ளை ஈ சுமந்து பரப்புவதை ஆராய்ந்தார்கள். அந்த வெள்ளை ஈக்கு 1889இல் கிரேக்க நாட்டில் பெயர் சூட்டப்பட்டதும் புகையிலைச் செடியை வைத்துத்தான். 1939இல் கோயம்புத்தூரின் தாமஸும் கிருஷ்ணசாமியும் கத்தரியின் சிற்றிலை நோய் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றக்கூடியது என்று காட்டினார்கள். 1948இல் வாசுதேவாவும் சாம் ராஜும் தக்காளி இலைச்சுருட்டையை இந்தியாவில் முதன்முதலாக விவரித்தார்கள். ஆக, சுருண்ட இலைக்குள்ளே சாறு உறிஞ்சும் பூச்சி, சிலந்திப்பூச்சி, வைரஸ் என்று வெவ்வேறு குற்றவாளிகள் இருப்பது தெரிந்து ஏறத்தாழ நூறு ஆண்டுதான் ஆகிறது. குற்றவாளி யாரென்று தெரியாத காலத்து மருந்து எதுவானாலும் அது குருட்டாம்போக்கில் பலித்திருக்கலாம். குறிபார்த்து அடித்ததாக இருக்க முடியாது.

இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் வெள்ளைத் துணிக்குத் தட்டுப்பாடே கிடையாது. பனியன் வேஸ்டில் ஒரு துண்டை மிளகாய்க் குருத்துக்கு அடியில் பிடித்து, குருத்தை விரலால் நாலு தட்டுத் தட்டினால், மஞ்சள் நூல் பிசிறுபோல் ஏதோ விழுந்து, பிறகு அந்தப் பிசிறு நகரும். அதுதான் இலைப்பேன். அது தாக்கிய இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகுபோல் குழியும். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, இலைக்காம்பு எலிவால்போல் நீண்டு, இலை தடித்துக் கரும்பச்சையாக இருந்தால் அது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பூச்சியின் வேலை. இலை சிறுத்து, கொத்துக்கொத்தாக நெருங்கி, நரம்பு தடித்து வெளிறி, செடியே வளர்ச்சி நின்று குட்டையாகி, குலுக்கும்போது வெள்ளைத் தூசிபோல் ஈக்கள் எழும்பினால் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். தக்காளியில் கடும் வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் அடியிலைகள் சும்மாவே சுருளும். அதற்கு நோய் என்று பெயரே இல்லை. முதல் இரண்டும் செடியை விட்டுப் பூச்சி போனால் புதுத்துளிரில் சரியாகிவிடும். மூன்றாவது சரியாகாது. வைரஸ் புகுந்த செடியிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எந்தக் கஷாயமும் கிடையாது, எந்த ரசாயனமும் கிடையாது. செய்யக்கூடியதெல்லாம் அது அடுத்த செடிக்குப் போகாமல் பார்ப்பதுதான்.

போகாமல் பார்ப்பது என்று வரும்போது பழைய நில நடைமுறை பேசத் தொடங்குகிறது. காங்கயம் வட்டாரத்தின் அடையாளம் கொரங்காடு. கிளுவை முள்வேலியால் அடைத்து, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, காங்கயம் மாடும் ஆடும் மேயும் மேய்ச்சல் காடு அது. சில ஆண்டு மேய்ச்சல், பிறகு மழை பார்த்து ஒரு வெள்ளாமைச் சோளம், மறுபடி மேய்ச்சல் என்று நிலம் ஆறும். கிணற்றுத் தோட்டமும் அப்படித்தான். கவலையில் மாடு கட்டி இறைத்த காலத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீர் சிறு பரப்புக்கே எட்டும். கோடையில் கிணறு வற்றினால் தோட்டமும் ஓயும். வெள்ளாமை முடிந்த நிலத்தில் செம்மறிக்குப் பட்டி போட்டால், மிஞ்சிய தழையை ஆடு தின்றுவிடும், புழுக்கையும் விழும். இதையெல்லாம் இலைச்சுருட்டையைத் தடுக்கத்தான் செய்தார்கள் என்று சொன்னால் அது கற்பனை. வேலி போட்டது மாடு கன்றுக்காக. நிலத்தை ஆறப்போட்டது மழை போதாததால். ஆனால் நோக்கம் வேறாக இருந்தாலும் விளைவு விளைவுதான். பச்சைச் செடியில்லாத சில மாதங்கள் வெள்ளை ஈக்குப் பட்டினிக் காலம். வைரஸுக்குத் தங்க இடமில்லாத காலம். பூச்சியியல் இன்று பயிரற்ற இடைவெளி என்று பரிந்துரைப்பதை இந்த வறண்ட பூமி வறுமையாலேயே கடைப்பிடித்தது.

வறுமையாலே என்று சொன்னதும், அப்படியானால் அது அறிவே ஆகாதே என்று கேட்கலாம். அறிந்து செய்ததற்கும் இப்பகுதியின் பருத்தி வரலாற்றில் சான்று உண்டு. அது ஊருக்கு இனிக்காத சான்று. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியா பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. உப்பம், நாடம், கருங்கண்ணி ஆகிய நாட்டு வகைகளைவிட நீண்ட இழை, நல்ல விலை. கிணற்றுப் பாசனத்தில் கோயம்புத்தூர் மாவட்டமெங்கும் பரவி, பின்னாளில் இப்பகுதியின் நூற்பாலைகளுக்கு அடித்தளமிட்டது. முதல் காய்ப்பு முடிந்த செடியை நிறுத்திவைத்தால் மறுகாய்ப்பும் வரும் என்பதால் உழவர்கள் அதைப் பிடுங்காமல் விட்டார்கள். தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அந்தச் செடிகளில் தங்கி அடுத்த வெள்ளாமைக்குத் தாவின. சென்னை மாகாண அரசு 1919இல் வேளாண் பூச்சி நோய்ச் சட்டம் கொண்டுவந்து, குறித்த நாளுக்குள் கம்போடியா மாரைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. எதையும் தெளிக்காமல், எதையும் விலைக்கு வாங்காமல், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய வைத்தியம் அது. முதல் தலைமுறை உழவருக்கு இது அதிகார நெருக்கடியாகவே பட்டிருக்கும். ஆனாலும் பூச்சிக்கு எதிரான மருந்து தனித் தோட்டத்து விஷயம் அல்ல என்பதை எழுத்தில் பதித்த முதல் சட்டங்களில் அது ஒன்று.

அதே பருத்தி இன்னொரு பாடமும் தருகிறது. 1990களில் பாகிஸ்தானையும், 1993 முதல் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் தொடங்கி வட இந்தியாவையும் ஆட்டிப்படைத்த பருத்தி இலைச்சுருட்டை வைரஸ், அமெரிக்க இனப் பருத்தியைத்தான் அழித்தது. கருங்கண்ணியும் உப்பமும் சேர்ந்த பழைய உலகப் பருத்தி இனங்களை அந்த வைரஸ் தொடவில்லை. பக்கத்து வயல் முழுக்கச் சுருண்டு கிடக்க, நாட்டுப் பருத்தி நேராக நின்றது. எதிர்ப்பு விதையிலேயே இருந்தால் கஷாயத்துக்கு வேலை இல்லை. இன்று பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருட்டையையும் தாங்கும் கலப்பினம். காட்டுத் தக்காளி உறவுகளிலிருந்து எதிர்ப்பைத் தேடி எடுப்பதே இத்தகைய முயற்சிகளின் அடிப்படை. இதை ஆய்வுக்கூட விதை என்று இயற்கை ஆர்வலர்கள் சிலர் ஒதுக்குவது எனக்கு முரணாகத் தெரிகிறது. கலப்பின விதையை மறுவிதைப்புக்கு எடுத்துவைக்க முடியாது, ஆண்டுதோறும் வாங்க வேண்டும் என்ற குறை நியாயமானது. ஆனால் எதிர்ப்பு என்ற குணம் இயற்கையிலிருந்தே வந்தது. ஒரு செடிக்குள்ளேயே இருக்கும் இயற்கைக் காவலை விட்டுவிட்டு, வெளியிலிருந்து அடிப்பதை மட்டும் இயற்கை என்று எண்ணுவது பாதிக் கணக்கு.

பிறகு எப்போது இந்த நோய் தோட்டத்தின் தீராத தலைவலியானது? தண்ணீர் வந்தபோதும் மருந்து வந்தபோதும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கடைமடை, வெள்ளகோவில் கிளைக் கால்வாய். மண்டலம் மண்டலமாகச் சுற்று முறையில் திறக்கும் அந்தத் தண்ணீர் தங்களுக்கு முறையாகவும் போதுமானதாகவும் வருவதில்லை என்று இவ்வூர் உழவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிவருகிறார்கள். கால்வாய் ஏமாற்றிய இடத்தைப் போர்வெல்லும் சொட்டுநீரும் நிரப்பின. விளைவாக, ஒரு தோட்டத்தில் தக்காளி முடியும்போது பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய் நாற்று பிடித்திருக்கும். அடுத்ததில் வெண்டை, கத்தரி. பூச்சிக்குப் பட்டினிக் காலம் என்பது இல்லாமல் போனது. இதோடு ரசாயனமும் சேர்ந்தது. 1980களின் நடுவில் ஆந்திரத்தின் குண்டூர்ப் பருத்தியில் வெள்ளை ஈ பொங்கியெழுந்ததற்கு, புதிதாக வந்த செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அளவில்லாமல் அடித்தது முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. அந்த மருந்து வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகளைக் கொன்றது. வெள்ளை ஈயோ தாங்கிப் பழகிக்கொண்டது. வைரஸைச் சுமக்கும் ஈயை ஒழிக்க அடித்ததே அதை வளர்க்கும் உரமானது. இயற்கைத் தெளிப்புகள் இந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்தவை. அவற்றின் உண்மையான பெற்றோர் இதுதான். பாட்டன் காலத்துப் பரண் அல்ல.

அந்தப் பிறப்புக்குத் தேதிகளும் உண்டு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாவற்றையும் மொட்டையடித்தபோது வேப்பமரம் மட்டும் பச்சையாக நின்றதை ஜெர்மானியர் ஷ்முட்டெரர் கவனித்தார். 1962இல் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதானும் உடன் பணியாற்றியவர்களும் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த இலையை வெட்டுக்கிளி தொடாததைச் சோதித்துக் காட்டினார்கள். 1968இல் அதன் உயிர்ச்சத்தான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. வெள்ளகோவிலிலிருந்து முத்தூர் வழியே வடகிழக்கே போனால் காவிரிக்கரையில் கொடுமுடி. அங்கே மருத்துவர் கே. நடராஜன் 1990களின் பின்பகுதியில், கோவில் பூசையிலிருந்த பஞ்சகவ்யத்தோடு கரும்புச்சாறு, இளநீர், வாழைப்பழம் முதலியவற்றைச் சேர்த்து, செடிக்கான கரைசலாக மாற்றினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பின்னர் அதைச் சோதித்தது. அண்டை மாவட்டமான கரூரில் வானகம் அமைத்த கோ. நம்மாழ்வாரும், 2007இல் தொடங்கிய பசுமை விகடன் போன்ற இதழ்களும் இவற்றை வீடுதோறும் கொண்டுசேர்த்தனர். ஆடு கடிக்காத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை என்று நொச்சி, எருக்கு, வேம்பு, ஆடாதொடை எல்லாம் ஒரு பானைக்குள் போனது இந்தக் காலத்தில்தான். தலைக்குத் தேய்க்கும் அரப்பு மோரோடு சேர்ந்து வயலுக்கு வந்ததும் இந்த அலையில்தான். பழைய பொருள், புதிய பயன். அதைக் கண்டுபிடித்த தலைமுறைக்கு உரிய பெருமையை முன்னோர் கணக்கில் எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

இவற்றுள் அதிகச் சோதனையைத் தாண்டியது வேப்பங்கொட்டைச் சாறு. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதையைக் கசக்கி நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்த வேண்டும். ஓட்டை நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, துணிமூட்டையாகக் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மூட்டையைப் பிழியப் பிழியப் பால்போல் இறங்கும் சாற்றை 100 லிட்டராக்கினால் 5 சதக் கரைசல். சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்க்காவிட்டால் இலையில் ஒட்டாமல் உருண்டோடிவிடும். வெயில் அதன் சத்தைச் சிதைப்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும். பழைய கொட்டையும் பூசணம் பிடித்த கொட்டையும் உதவாது. இது பூச்சியை அடித்த மாத்திரத்தில் சாய்ப்பதில்லை. தின்பதைக் குறைக்கும், குஞ்சு தோலுரிப்பதைக் கெடுக்கும், முட்டையிடுவதைத் தடுக்கும். எனவே இலைப்பேனால் சுருண்ட மிளகாய்க்கு இது நல்ல மருந்து. வெள்ளை ஈ பரவும் முன் அடித்தால் நல்ல காவல். வைரஸ் புகுந்த பிறகு அடித்தால் வீண் கூலி. பஞ்சகவ்யத்தின் இடம் இன்னும் வேறு. அது செடிக்கு ஊட்டம், பூச்சிக்கொல்லி அல்ல.

ஆனால் தெளித்த பிறகு இலை விரிந்ததைக் கண்ணால் பார்த்தோமே என்று சொல்லும் உழவருக்கு என்ன பதில்? அவர் பார்த்தது பொய்யல்ல. பல தோட்டங்களில் சுருட்டைக்குக் காரணம் இலைப்பேனோ சிலந்தியோதான். ஒரு நல்ல மழை பெய்தாலே இவை கழுவப்பட்டுப் புதுத்துளிர் நேராக வரும். சத்துக் குறைவால் சுணங்கிய செடி பஞ்சகவ்யம் கண்டு துளிர்விடுவதும் உண்டு. மோர் தெளித்த வாரத்தில் மழையும் பெய்திருந்தால் பெயர் மோருக்குப் போகும். இதைப் பிரித்தறிய வழி எளிது: நான்கு பாத்தியில் தெளித்துவிட்டு இரண்டு பாத்தியைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். தெளிக்காத பாத்தியும் விரிந்தால் மருந்துக்கு வேலையில்லை. பழமை என்ற ஒரே ஆதாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மியூனிக்கில் நடந்த வேம்பு வழக்கே சாட்சி. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் பெற்ற வேப்பெண்ணெய்க் காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் ரத்து செய்து, 2005இல் உறுதிப்படுத்தியது. அதில் முக்கியமாக எடுபட்டது, 1980களின் நடுவில் அபய் பாட்கே என்ற இந்தியத் தொழில்முனைவர் செய்த வயல்வெளிச் சோதனையின் சான்று. தேதியிட்ட சோதனைதான் நம் பாரம்பரியத்தையே காப்பாற்றியது.

இயற்கை மருந்து வீண் என்பதா என் முடிவு? இல்லை. இந்த வட்டாரத்தில் இயற்கை வைத்தியம் பெற்ற மிகப் பெரிய வெற்றிகள் கரைசலில் இல்லை, உயிரினங்களில் இருக்கின்றன. கொங்கு மண்ணையே அடைத்துக்கொண்ட சப்பாத்திக்கள்ளியை, 1926இல் கொண்டுவந்து விட்ட ஒரு செதில்பூச்சி தின்று ஒழித்தது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி, பப்பாளி எல்லாவற்றின் குருத்தையும் சுருட்டி வெள்ளைப் பஞ்சால் மூடியது. அடித்த மருந்து மெழுகுப் பூச்சில் வழுக்கி வழிந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூரின் தேசிய ஆய்வகம் வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கித் தோட்டம்தோறும் விட்டது. சீக்கிரமே மாவுப்பூச்சி அடங்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தோன்றி, காங்கயம், வெள்ளகோவில் தென்னைகளுக்கும் வந்தபோது அறிவுரை இன்னும் தெளிவாயிற்று: ரசாயனம் அடிக்காதே, ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பொறியைக் கட்டு, கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி தெளி, என்கார்சியா குளவிக்கு வழிவிடு. பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய ஊர் தென்னை ஓலைக்கும் கஞ்சி போட்டது. இந்த வெற்றிகளில் எதுவும் பழமையானதல்ல. ஒரு குளவி கடல்தாண்டி வந்த அந்நியன். ஆனாலும் இவற்றைவிட இயற்கையான வைத்தியம் வேறில்லை.

இயற்கை என்றாலே தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த புகையிலையைக் காய்ச்சிய கஷாயம் அசுவினியைக் கொல்லும். அதிலுள்ள நிக்கோட்டின் மனிதனையும் கொல்லக்கூடிய நஞ்சு. பூண்டு, மிளகாய்க் கரைசலும் செறிவாக அடித்தால் துளிர் கருகும். நல்ல பூச்சியும் சாகும். இன்னொரு நியாயமான மறுப்பு, சிறு உழவர் பற்றியது. நோய்ப்பட்ட செடியைப் பிடுங்கு, நாற்றங்காலை நைலான் வலைக்குள் வளர், தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளம் போடு, பயிரற்ற இடைவெளி விடு என்று சொல்வது எளிது. ஒன்றரை ஏக்கர்க்காரர் ஒரு பருவத்தைச் சும்மா விட்டால் கடன் யார் கட்டுவது? பதில் 1919இன் சட்டத்திலேயே இருக்கிறது: இதைத் தனியாள் செய்தால் நஷ்டம், எல்லோரும் செய்தால் லாபம். நிலத்தை முழுக்கச் சும்மா விட வேண்டியதும் இல்லை. வெள்ளை ஈ சுமக்கும் இந்தச் சுருட்டை வைரஸ்கள் தங்காத சோளம், கம்பு போன்றவற்றை அந்தப் பருவத்தில் போட்டால் போதும். மானாவாரிக் காட்டுக்கு அவை புதியவையும் அல்ல. கால்வாய்த் தண்ணீருக்காக ஒன்றுகூடிப் போராடத் தெரிந்த ஊருக்கு, தக்காளி நடவை ஒரு மாதம் தள்ளிவைப்பதில் ஒன்றுபடத் தெரியாமல் போகாது.

எனவே சுருண்ட இலையின் முன் நிற்கும்போது செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணியைப் பிடித்துத் தட்டிப் பார்த்து யாரென்று அறிய வேண்டும். பூச்சியாக இருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு, சிலந்தியாக இருந்தால் நனையும் கந்தகம். வைரஸானால் அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும், அதற்கு மருந்து தேடக் கூடாது. அடுத்த வெள்ளாமைக்குத் தாங்கும் விதை, நடவுக் காலம், பக்கத்துத் தோட்டக்காரரோடு பேச்சு. இதில் தெளிப்புக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அது நடு இடம். தலைமை இடம் அல்ல. முன்னோர் பெயரைச் சொல்லித் தெளிப்புக்கு அந்தத் தலைமையைக் கொடுத்ததால்தான், முன்னோர் உண்மையில் விட்டுச்சென்ற ஆறிய நிலமும் நாட்டு விதையும் கண்ணிலிருந்து மறைந்தன. பஞ்சகவ்யம் கொடுமுடியில் பிறந்தது என்று தெரிந்து அடிப்பவர், அது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று சோதித்துப் பார்க்கவும் துணிவார். அது ஆதிகாலத்திலிருந்தே இருப்பது என்று நம்பி அடிப்பவருக்கு அந்தக் கேள்வியே எழாது.